இழைக்கு மேலே ஒரு பூச்சு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "அரை மணி நேரம் பேசணும். உன் துறையைப் பத்தியே பேசு. ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்றார். முதல் இரண்டும் சுலபம். மூன்றாவதுதான் இடிக்கிறது. ஒளியிழை உணரிகளின் மேல் மென்படலம் பூசுவது என் வேலை. இதைக் கேட்ட என் சித்தப்பா ஒருவர், "அப்போ பெயிண்ட் அடிக்கிற வேலைன்னு சொல்லு" என்றார். அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அவர் சொன்னதில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை.

வாழ்க்கையில் நான் பூசிய முதல் பூச்சு இந்தக் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில்தான். நான் பௌதிகம், வேதியியல் துணைப்பாடம். டாலன்ஸ் சோதனை. சில்வர் நைட்ரேட்டில் அம்மோனியா விட்டு, குளுக்கோஸ் சேர்த்து, சோதனைக் குழாயை வெந்நீரில் வைத்தால் உள்சுவரில் வெள்ளி படிந்து கண்ணாடி மாதிரி பளபளக்க வேண்டும். பக்கத்து மேசை நண்பனுக்கு முகம் பார்க்கிற மாதிரி வந்தது. எனக்குக் கரிச்சேறு மாதிரி கறுப்பாக அடியில் போய் உட்கார்ந்தது. ஆய்வக உதவியாளர் அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார்.

"தம்பி, டியூபைக் கழுவினியா?"

"கழுவினேண்ணே."

"தண்ணியில காட்டிட்டு எடுக்கிறதுக்குப் பேரு கழுவுறதா?"

அவரே வேறு குழாய் எடுத்து, அமிலத்தில் கழுவி, வாலை வடிநீரில் மூன்று தரம் அலசி, விரல் உள்ளே படாமல் கையில் கொடுத்தார். அதே ரசாயனம், அதே வெந்நீர். இந்தத் தடவை முகம் தெரிந்தது. எனக்குப் பத்து மதிப்பெண் கிடைத்தது என்பதோடு அந்த விஷயத்தை மறந்துவிட்டேன். அப்படி மறந்ததற்குப் பின்னால் நான் கொடுத்த விலையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் பாடம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒளியிழை என்பது முடி மாதிரி மெல்லிய கண்ணாடி நூல். உங்கள் வீட்டுக்கு வருகிற இன்டர்நெட் பெரும்பாலும் இதன் வழியாகத்தான் வருகிறது. நட்டநடுவில் உள்ளகம், சுமார் 9 மைக்ரான் குறுக்களவு. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். உள்ளகத்தைச் சுற்றி, ஒளிவிலகல் எண் கொஞ்சமே குறைந்த கண்ணாடி உறை. உறையோடு சேர்த்து 125 மைக்ரான். அதற்கு மேல் பாதுகாப்புக்கு பிளாஸ்டிக். உள்ளகத்தில் நுழைந்த ஒளி, உறையின் எல்லையில் முழு அக எதிரொளிப்பு அடைந்து, வெளியே போக வழியில்லாமல் முன்னேறிக்கொண்டே இருக்கும். கண்ணாடியிலுள்ள அசுத்தங்களை நீக்கினால் இந்த ஒளியை வெகுதூரம் அனுப்பலாம் என்று 1966-இல் இங்கிலாந்தில் சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் சொன்னார்கள். 1970-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம், கிலோமீட்டருக்கு 20 டெசிபலுக்கும் குறைவாக இழப்புள்ள இழையை இழுத்துக் காட்டியது. காவோவுக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். இத்தனை பேர் இத்தனை வருடம் பாடுபட்டது எதற்காக? வெளியே மழை பெய்தாலும், உப்புத் தண்ணீர் சூழ்ந்தாலும், பக்கத்தில் மின்கம்பி போனாலும் உள்ளே போகிற ஒளிக்கு ஒன்றும் தெரியக் கூடாது என்பதற்காக. உள்ளகத்தின் விளிம்பிலிருந்து வெளி உலகத்துக்கு 58 மைக்ரான் கண்ணாடிச் சுவர். ஒளியைப் பொறுத்தவரை அது கோட்டைச் சுவர். உணரி செய்கிற எங்களுக்கு வேண்டியதோ நேர் எதிர். வெளியே நடப்பது உள்ளே தெரிய வேண்டும்.

வெறும் இழைக்கும் கொஞ்சம் உணர்ச்சி உண்டு. சூடு, இழுப்பு இரண்டும் தெரியும். 1978-இல் கனடாவின் ஒட்டாவாவில் கென் ஹில் குழுவினர், இழைக்குள்ளேயே நெருக்கமான கோடுகள் போல ஒளிவிலகல் எண் ஏறி இறங்குகிற ஓர் அமைப்பு உருவாவதைக் கண்டார்கள். பிராக் கீற்றணி என்று பெயர். அது ஒரே ஒரு நிறத்தை மட்டும் திருப்பி அனுப்பும். சூடு ஒரு டிகிரி ஏறினால் அந்த நிறத்தின் அலைநீளம் சுமார் 10 பிக்கோமீட்டர் நகரும். பாலங்களிலும் விமான இறக்கைகளிலும் இதை வைத்து அளக்கிறார்கள். ஆனால் ஹைட்ரஜன் கசிகிறதா, காற்றில் ஈரம் எவ்வளவு, தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டால் இழை விழிக்கும். அதற்கு மூக்கும் இல்லை, நாக்கும் இல்லை.

மூக்கையும் நாக்கையும் வைப்பதுதான் பூச்சு. பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக்கைக் கீற்றணியின் மேல் பூசினால், அது காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பும், உப்பும்போது இழையை இழுக்கும், நிறம் நகரும். ஈரம் தெரிந்துவிட்டது. கண்ணாடிக்கு ஈரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. பூச்சுக்குத் தெரிந்ததைக் கண்ணாடி நமக்குச் சொல்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு வழி, கோட்டைச் சுவரை இடிப்பது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் உறையை அரித்து எடுக்கலாம். (தம்பி தங்கைகளே, தகுந்த ஏற்பாடும் அனுபவசாலி ஒருவரும் இல்லாமல் அந்த அமிலத்தின் பக்கம் போகாதீர்கள். பட்ட உடனே எரிச்சல்கூடத் தெரியாமல் உள்ளே இறங்கிவிடும்.) அல்லது தீயில் காட்டி இழுத்து மெலிதாக்கலாம், பக்கவாட்டில் தேய்க்கலாம். அப்படிச் செய்தால், உள்ளே எதிரொளிக்கிற ஒளி எல்லையைத் தாண்டிச் சில நூறு நானோமீட்டர் தூரம் வெளியே எட்டிப் பார்க்கும். நம் ஊர் வீட்டுத் திண்ணை மாதிரி. வீட்டுக்கு உள்ளேயும் இல்லை, தெருவிலும் இல்லை. அந்தத் திண்ணையில் யார் வந்து உட்கார்ந்தாலும் ஒளிக்குத் தெரிந்துவிடும்.

திண்ணையில் தங்கம் பூசினால் இன்னும் விசேஷம். சுமார் 50 நானோமீட்டர் தங்கம். ஒரு தலைமுடியின் தடிமனை ஆயிரத்து ஐந்நூறு ஏடாக உரித்தால் ஓர் ஏடு வருமே, அவ்வளவு. அந்தத் தங்கத்தின் எலெக்ட்ரான்கள் ஒரு குறிப்பிட்ட நிறத்தோடு சேர்ந்து ஊஞ்சலாடி அதை விழுங்கிவிடும். தங்கத்தின் மேல் எது ஒட்டினாலும், விழுங்கப்படுகிற நிறம் மாறும். 1993-இல் அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜார்கென்சனும் யீயும் இதை இழையின் மேல் செய்துகாட்டினார்கள். தங்கத்தின் மேல் நோய் எதிர்ப்புப் புரதத்தை ஒட்டவைத்தால், அதற்கேற்ற கிருமி வந்து சேரும்போது நிறம் நகரும். நம் சென்னை ஐ.ஐ.டி.யிலும் இழையை 'யு' வடிவத்தில் வளைத்து இந்த மாதிரி உணரிகள் செய்கிறார்கள்.

எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. எப்படிப் பூசுவது?

தட்டையான கண்ணாடி வில்லையில் பூச ஆயிரம் வழி உண்டு. வில்லையைச் சுழற்றி நடுவில் ஒரு சொட்டு விட்டால் போதும், தானே பரவிவிடும். இழையை எங்கே சுழற்றுவது? அது உருண்டை. திரவத்தில் முக்கி எடுத்தாலோ, சிலந்தி வலையில் பனி கோத்த முத்து மாதிரி துளித்துளியாகத் திரண்டு நிற்கும். திரவத்தின் பரப்பு இழுவிசை எப்போதும் குறைந்த பரப்பைத் தேடும். மெல்லிய உருளையின் மேல் சீராகப் படர்வதைவிட உருண்டையாவது அதற்கு லாபம். அதனால் திரண்டு கொள்வதற்குள் காயவைக்க வேண்டும். இன்னொன்று, இழையை வேகமாக இழுத்தால் பூச்சு மெலிதாகும் என்றுதான் புதிதாக வருகிற எல்லோரும் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். நேர்மாறு. தேனில் விட்ட கரண்டியை வெடுக்கென்று எடுத்தால் தேன் நிறைய ஒட்டிக்கொண்டு வரும். நிதானமாக எடுத்தால் வடிந்துவிடும். லாண்டாவும் லெவிச்சும் 1942-லேயே இதற்குக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

உலோகம் பூச வெற்றிடக் கலத்தில் ஆவியாக்குவார்கள். கீழே உலோகம் உருகி ஆவியாகும். மேலே தொங்குகிற பொருளில் படியும். ஆவி நேர்கோட்டில் வருவதால் இழையின் கீழ்ப்பக்கம் தடிமனாகவும், பக்கவாட்டில் போகப்போக மெலிதாகவும், முதுகில் ஒன்றும் இல்லாமலும் இருக்கும். இழையைச் சுழற்றிக்கொண்டே பூச வேண்டும், அல்லது திருப்பிப் போட்டு இரண்டாம் முறை பூச வேண்டும். தோசையைத் திருப்புகிற மாதிரிதான். வெற்றிடத்துக்குள் கை விட முடியாது என்பது மட்டும் வித்தியாசம்.

எனக்கு மிகவும் பிடித்த முறை வேறு. மின்சாரமே தேவைப்படாத முறை. தண்ணீரில் கண்ணாடியின் பரப்பு எதிர்மின் சுமை கொண்டிருக்கும். நேர்மின் சுமையுள்ள பாலிமர்க் கரைசலில் முக்கினால் ஒரு படலம் ஒட்டும். ஒட்டியதும் பரப்பு நேர்மின்னாக மாறிவிடும், அதனால் மேற்கொண்டு ஒட்டாது. தண்ணீரில் அலசி, எதிர்மின் சுமையுள்ள கரைசலில் முக்கினால் அடுத்த படலம். இப்படி மாற்றி மாற்றி. ஒவ்வொரு ஜோடிக்கும் சில நானோமீட்டர். 1990-களின் தொடக்கத்தில் ஜெர்மானியரான டெச்சர் இதைப் பிரபலமாக்கினார். உருண்டையா தட்டையா என்ற கேள்வியே இதற்குக் கிடையாது. நடுவே தங்கத் துகள், கிராஃபீன் ஆக்சைடு, எது வேண்டுமானாலும் அடுக்கலாம். நான்கு முகவையும் பொறுமையும் போதும். நடுவில் அலசுவதைச் சோம்பேறித்தனத்தால் விட்டால் கரைசல்கள் கலந்து திரிந்துவிடும். பால் திரிந்த மாதிரி இழை முழுக்கத் துகள்.

தங்கைகளுக்காக ஒரு செய்தி. தண்ணீர்ப் பரப்பில் ஒற்றை மூலக்கூறு தடிமனுக்குப் படலம் விரித்து, அதைக் கண்ணாடியில் ஏந்தி எடுக்கிற முறைக்கு லாங்மியூர்–பிளாட்ஜெட் என்று பெயர். கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகத்தார் 2002-இல் இதை இழைக் கீற்றணியின் மேல் செய்து வெளியிட்டார்கள். அந்தப் பெயரின் பிற்பாதி காதரின் பிளாட்ஜெட். கேம்பிரிட்ஜில் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண், 1926-இல். அவருக்கும் முன்னால், ஜெர்மனியில் ஆக்னஸ் பாக்கெல்ஸ் என்ற பெண், வீட்டுச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிற தண்ணீரைக் கவனித்து, தகரத் தொட்டி ஒன்றில் இந்தப் பரிசோதனைகளைத் தொடங்கினார். அன்றைக்குப் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. ராலே பிரபுவுக்குக் கடிதம் எழுதினார். அவர் அதை 1891-இல் 'நேச்சர்' இதழில் வெளியிடச் செய்தார். எங்கள் துறை ஒரு சமையலறைத் தொட்டியிலிருந்து வந்தது என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

ஹைட்ரஜன் வாயுவுக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, எரிந்தால் பகல் வெளிச்சத்தில் சுடர்கூடச் சரியாகத் தெரியாது. காற்றில் 4 சதவீதத்திலிருந்து 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் தீப்பிடிக்கும். நம் திருநெல்வேலிச் சீமையின் மகேந்திரகிரியில் கிரையோஜெனிக் எஞ்சின்களைச் சோதிக்க இதைத் திரவமாகவே கையாளுகிறார்கள். 2023 ஜனவரியில் மத்திய அரசு பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் தந்ததிலிருந்து ஊரெல்லாம் இதே பேச்சு. கசிவைக் கண்டுபிடிக்கிற கருவியே தீப்பொறி விட்டால் என்ன ஆகும்? இழை உணரியின் முனையில் மின்சாரமே கிடையாது, ஒளி மட்டும்தான். அதனால்தான் ஹைட்ரஜனுக்கு ஒளியிழை பொருத்தம்.

பல்லேடியம் என்கிற உலோகம் ஹைட்ரஜனைக் குடிக்கும். பஞ்சு தண்ணீரைக் குடிப்பதைவிட அதிகமாக. தன் கன அளவைப் போல் பல நூறு மடங்கு. தாமஸ் கிரஹாம் 1866-இல் கண்டுபிடித்தது. குடித்ததும் உலோகம் உப்பும், அதன் பளபளப்பும் மாறும். அமெரிக்காவில் பட்லர் என்பவர் 1984-இல் இழையின் மேல் பல்லேடியம் பூசி ஹைட்ரஜனை அளந்து காட்டினார். அவரே பின்னால், இழையின் வெட்டிய முனையில் சில பத்து நானோமீட்டர் பல்லேடியம் பூசி, அதிலிருந்து திரும்பி வருகிற ஒளி எவ்வளவு என்று பார்க்கிற எளிய முறையையும் தந்தார்.

நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது செய்தது இந்த முனை உணரிதான். இழையை வைரமுனையால் கீறி வெட்டுவது, வெற்றிடக் கலத்தில் வைப்பது, பல்லேடியம் ஆவிப்படிவு, வெளியே எடுத்து ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜனில் காட்டுவது. மொத்தம் 14 முனைகள் செய்தேன். முதல் சுற்றில் எல்லாமே அற்புதமாக வேலை செய்தன. இரண்டாம் மூன்றாம் சுற்றில் ஒவ்வொன்றாகச் சமிக்ஞை குறைய ஆரம்பித்தது. நுண்ணோக்கியில் பார்த்தால், பழைய சுவரில் சுண்ணாம்பு உப்பிப் பெயர்ந்து நிற்குமே, அதே காட்சி. 11 முனைகளில் படலம் உரிந்துபோயிற்று. 3 மட்டும் நின்றன. அந்த மூன்றில் மிக அழகானதை எடுத்து வரைபடம் போட்டுக் கட்டுரை எழுதினேன். அந்தப் பதினொன்றைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. 'பல்லேடியம் படலம் வெப்ப ஆவிப்படிவு முறையில் பூசப்பட்டது' என்று ஒரே வாக்கியம். கட்டுரை அச்சேறியது. இனிப்பு வாங்கிக் கொடுத்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு கடிதம் வந்தது. வேறொரு மாநிலத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஒரு மாணவி எழுதியிருந்தார். மரியாதையான கடிதம். "உங்கள் கட்டுரையைப் பின்பற்றி ஏழு மாதங்களாகச் செய்து பார்க்கிறேன். என் படலம் ஐந்தாவது சுற்றைத் தாண்டி நிற்கவில்லை. என் கைப்பழக்கத்தில்தான் பிழை என்று என் வழிகாட்டி சொல்கிறார். நான் எதை விட்டுவிட்டேன் என்று தயவுசெய்து தெரிவிக்க முடியுமா?" என்று கேட்டிருந்தார்.

அவர் எதையும் விடவில்லை. விட்டது நான். அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் அலைந்தேன். 'எனக்கும் பதினொன்று உரிந்தது' என்று எழுதுவதற்கு எனக்கு வெட்கம். அதைவிடப் பெரிய சங்கடம், அந்த மூன்று ஏன் நின்றன என்று எனக்கே தெரியாது! என் குறிப்பேட்டைப் புரட்டினேன். தடிமன் எழுதியிருக்கிறேன், வெற்றிட அளவு எழுதியிருக்கிறேன், தேதி இருக்கிறது. மூன்றும் ஒரே தேதி. அந்தத் தேதியில் என்ன விசேஷம் என்று மட்டும் இல்லை.

கடைசியில் வெற்றிடக் கலத்தைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியனிடம் போய்க் கேட்டேன். அவர் தேதியைக் கேட்டு ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அன்னிக்கு மத்தியானம் கரண்ட் கட்டுன்னு நோட்டீஸ் போட்டிருந்தாங்க சார். நீங்க அவசரப்பட்டீங்க. காலையில வெட்டினதை அப்படியே கையோட உள்ளே வெச்சுப் பம்ப்பைப் போட்டுட்டோம். மத்த நாள்ல நீங்க சாயங்காலம் வெட்டி டப்பாவுல போட்டுட்டுப் போவீங்க, நான் மறுநாள்தானே வெப்பேன்?"

அவ்வளவுதான் ரகசியம். புதிதாக வெட்டிய கண்ணாடி முகம் மிகச் சுத்தமானது. அதை ஒரு ராத்திரி பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைத்தால், காற்றிலும் டப்பாவிலும் இருக்கிற எண்ணெய்ப்பசை மெல்லிய படலமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 30 நானோமீட்டர் படலத்துக்கு ஒரு நானோமீட்டர் பிசுக்கு என்பது சின்ன விஷயமில்லை. பல்லேடியம் கண்ணாடியைப் பிடிக்காமல் பிசுக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. நம் தெருவில் ஈயம் பூச வருபவரைப் பார்த்திருப்பீர்கள். பித்தளைப் பாத்திரத்தைத் தேய்த்து, சூடாக்கி, நவச்சாரத்தைப் போட்டுப் புகை வரத் துடைத்துவிட்டுத்தான் ஈயத்தைத் தொடுவார். நவச்சாரம் போடாவிட்டால் ஈயம் உருண்டு ஓடிவிடும் என்று அவருக்குத் தெரியும். எம்.எஸ்ஸி. முடித்த எனக்கு அது தெரியாமல் போயிற்று. இந்தக் கல்லூரி ஆய்வகத்தில் அந்த அண்ணன் கேட்ட அதே கேள்விதான்: "தம்பி, டியூபைக் கழுவினியா?"

அந்த மாணவிக்கு எல்லாவற்றையும் எழுதினேன். பதினொன்றையும் எழுதினேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது: வெட்டி அரை மணிக்குள் பூசியதில் நாற்பது சுற்று நின்றதாம். நன்றி சொல்லியிருந்தார். ஏழு மாதம் போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அதுதான் இன்னும் உறுத்துகிறது. ஆராய்ச்சி உதவித்தொகையில் ஏழு மாதம் என்பது எவ்வளவு என்று இங்கே உட்கார்ந்திருக்கிற ஆய்வு மாணவர்களுக்குத் தெரியும்.

சுத்தம் செய்ததோடு பிரச்சினை தீர்ந்துவிடவும் இல்லை. அறை வெப்பத்தில், காற்றில் ஹைட்ரஜன் ஒன்றிரண்டு சதவீதத்தைத் தொடும்போது பல்லேடியம் ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்குத் தாவும். கன அளவு 10 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். கண்ணாடியோடு ஒட்டியிருக்கிற படலம் பக்கவாட்டில் விரிய இடமில்லாமல் மேல்நோக்கிப் புடைக்கும். நாம் எச்சரிக்கை கேட்பது 4 சதவீதத்துக்குள். அது தாவுவதும் அதற்குள்ளேயே! இதற்கு வைத்தியம், கலப்பு உலோகம். கால் பங்கு வெள்ளி சேர்த்தால் அந்தத் தாவல் அடங்கிவிடும். தங்கம், நிக்கல், யிட்ரியம் சேர்ப்பவர்களும் உண்டு. அடியில் ஓரிரு நானோமீட்டர் நிக்கலோ டைட்டானியமோ பூசினால் கண்ணாடியை நன்றாகப் பிடிக்கும். தங்கப் படலத்துக்கும் இதே கதை. தங்கம் கண்ணாடியில் ஒட்டவே ஒட்டாது, அடியில் குரோமியம் வேண்டும். ஆனால் குரோமியம் ஒளியைத் தின்னும், அதனால் உணரியின் கூர்மை குறையும். அதற்காக ஒரு முனையில் கண்ணாடியையும் மறுமுனையில் கந்தகத்தால் தங்கத்தையும் பிடித்துக்கொள்கிற சிலேன் மூலக்கூறுகளைப் பயன்படுத்துகிறோம். கல்யாணத் தரகர் மாதிரி, இரண்டு வீட்டுக்கும் வேண்டியவர்.

இன்றைக்கு இன்னும் நல்ல கருவிகள் வந்துவிட்டன. பின்லாந்தில் சுந்தோலா 1970-களில் உருவாக்கிய அணு அடுக்குப் படிவு முறையில், ஒரு சுற்றுக்கு ஒரு நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில், முதுகு வயிறு என்ற பேதமில்லாமல் இழையைச் சுற்றிச் சீராகப் பூச முடியும். இண்டியம் டின் ஆக்சைடு பூசி, தங்கமே இல்லாமல் நிறம் நகர்வதைப் பார்க்கும் முறையை ஸ்பெயினில் நவார்ரா பல்கலைக்கழகத்தார் வளர்த்தார்கள். கிராஃபீன் வந்த பிறகு அதையும் இழையின் மேல் போர்த்தாதவர்கள் இல்லை. நானோ என்ற சொல் இருந்தால் கட்டுரை சீக்கிரம் அச்சாகிறது என்று தோன்றும் அளவுக்குக் குவிகிறது. இப்படிக் குவிகிற கட்டுரைகள் பலவற்றில் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: எத்தனை செய்தார்கள், எத்தனை நின்றன? பெரும்பாலும் கிடைப்பதில்லை. எனக்குக் கோபப்பட உரிமையில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

என்னிடம் ஆய்வு செய்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். வெட்டிய நேரம், கழுவிய விதம், கலத்துக்குள் வைத்த நேரம், அன்றைய ஈரப்பதம், கரண்ட் போனதா என்பது உட்பட எல்லாம் குறிப்பேட்டில் இருக்க வேண்டும். உரிந்துபோன முனைகளைத் தூக்கி எறியக் கூடாது. சீட்டு ஒட்டி டப்பாவில் வைக்க வேண்டும். ஆய்வேட்டில் அந்த டப்பாவுக்கு ஓர் அட்டவணை. "சார், இதையெல்லாம் போட்டா தேர்வாளர் என்ன நினைப்பார்?" என்று கேட்காத மாணவர் இல்லை. ஒருவருக்கு அதனால் வாய்மொழித் தேர்வில் கஷ்டமும் வந்தது, மறைக்கவில்லை. பட்டம் கிடைத்துவிட்டது.

நேரம் ஆகிவிட்டது என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒரே ஓர் அறிவிப்பு. துறைத் தலைவர் அன்போடு அனுமதி தந்திருப்பதால், நாளை காலை பத்து மணிக்கு நம் பழைய வேதியியல் ஆய்வகத்தில், அரை மில்லிமீட்டருக்குச் சற்று தடித்த இழை ஒன்றின் மேல் டாலன்ஸ் முறையிலேயே வெள்ளி பூசப் போகிறோம். பூசிய இழையைத் தண்ணீரிலும் பிறகு சர்க்கரைக் கரைசலிலும் முக்கி, நிறம் நகர்வதைப் பார்க்கலாம். கையடக்க நிறமாலைமானி ஒன்று கொண்டுவந்திருக்கிறேன். முதல் தடவையே வந்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. மூன்று நான்கு இழை செய்தால் ஒன்று சரியாக வரும். வராதவற்றையும் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். வருகிறவர்கள் பழைய துணி ஒன்று கொண்டுவாருங்கள். சில்வர் நைட்ரேட் பட்ட கறுப்பு ஒரு வாரத்துக்குப் போகாது. மிச்சக் கரைசலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் வைத்துவிட்டுப் போகாதீர்கள், நின்றால் வெடிக்கக்கூடிய பொருள் உண்டாகும். அன்றைக்கே நீர்த்த அமிலம் விட்டு அப்புறப்படுத்திவிட்டுத்தான் ஆய்வகத்தைப் பூட்ட வேண்டும். குழாய்களை நானே கழுவுகிறேன்.